முயலின் கன்னத்தில் ஒரு பொட்டு

கனடாவுக்கு வந்த முதல் ஒன்றரை வருடம் நான் நிலத்துக்குக் கீழே வேலை செய்தேன். சுரங்கம் இல்லை. ரொறன்ரோ நகர நடுவில் சுவரொட்டி அச்சடிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் நிலவறை. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, அதில் படத்தை ஏற்றி, துணி வழியாக மையை வழித்து அச்சடிப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ஸ்கிரீன் என்று பெயர்; ஒரு நிறத்துக்கு ஒன்று. அச்சடித்து முடிந்த ஸ்கிரீனைத் தின்னர் ஊற்றிக் கழுவுவது என் வேலை. புதிதாகப் படம் ஏற்றிய ஸ்கிரீனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசித்துளை போல எங்காவது ஓட்டை இருந்தால் பசை தொட்டு அடைப்பது இன்னொரு வேலை. அடைக்காவிட்டால் சுவரொட்டியில் தேவையில்லாத புள்ளி விழும். புள்ளி விழுந்தால் முதலாளி படியிறங்கி வந்து கத்துவார்.

ஊரில் நான் பத்து வருடம் சித்திர வாத்தியார். வேலை கேட்டுப் போன அன்றைக்கே இதை முதலாளிக்குச் சொன்னேன். “நல்லது, அப்படியென்றால் தூரிகை கழுவத் தெரிந்திருக்கும்” என்றார் அந்த மனிதர். சிரிக்கவும் இல்லை.

மேல் மாடியில் ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை இருந்தது. அதில்தான் எங்கள் ஓவியர் இருந்து வரைவார். நான் கழுவிய ஸ்கிரீன்களைச் சுமந்துகொண்டு மேலே போகும்போதெல்லாம் அந்த மேசையைப் பார்ப்பேன். வெளிச்சம், காற்று, தின்னர் மணம் இல்லை. ஓவியர் அதில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துத் தின்றுகொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மார்கழி மாதம், அந்த ஓவியர் பனிச்சறுக்கப் போய் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதே கிழமைதான் ஒரு பெரிய குளிர்கால விளையாட்டு விழாவின் குழுவிடமிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. விழாவின் சின்னமாக ஒரு பிராணி வேண்டும், ஆறு நிறுவனங்களைக் கேட்டிருக்கிறோம், மாசி முதல் கிழமை படத்தோடும் உருவத்தோடும் வாருங்கள் என்று. அது கடிதத் தாளின் மூலையில் பெருவிரல் அளவுக்கு நிற்கவேண்டும், சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு நிற்கவேண்டும், பிறகு அதையே ஆடையாகத் தைத்து ஒருவன் உள்ளே புகுந்து பனியில் குதிக்கவும் வேண்டும்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் கையில் தின்னர் ஒழுக ஒழுக மேலே போய், “எனக்கு வரையத் தெரியும். ஒன்றரை வருடமாகச் சொல்கிறேன். என்னிடம் தாருங்கள்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “குழு உன்னுடையதை எடுத்தால் அந்த மேசை உனக்கு. அந்த ஆள் இனி வரமாட்டார், மாமனாரின் கடைக்குப் போகிறாராம். எடுக்காவிட்டால் நீ கீழே. பிறகு இந்தக் கதையை என்னிடம் எடுக்கக்கூடாது.”

எந்தப் பிராணி என்பதிலேயே பத்து நாள் போனது. இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் பீவர் என்பார்கள். நீரில் மரம் கடித்து அணை கட்டும் பெரிய பல்லுப் பிராணி. காசில் பீவர், கடைப்பெயரில் பீவர், பையன்களின் தொப்பியில் பீவர். மற்ற ஐந்து நிறுவனத்தில் குறைந்தது மூன்றாவது பீவரோடுதான் வரும் என்று எனக்குத் தெரியும். மூஸ் என்ற பெரிய மானை வரைந்து பார்த்தேன். அந்தக் கொம்போடு உள்ளே இருப்பவன் எந்தக் கதவாலும் நுழைய முடியாது. வாத்து பார்க்க அழகான பறவைதான், ஆனால் குளிர் தொடங்கியதும் தெற்கே பறந்துவிடும். குளிர்கால விழாவுக்குக் குளிருக்குப் பயந்து ஓடுகிற பிராணியா? கரடி முழுக் குளிர்காலமும் நித்திரை. வெள்ளைக் கரடி நித்திரை கொள்ளாது, ஆனால் அது இருக்கும் இடத்துக்கு ரொறன்ரோக்காரர் எவரும் போனதில்லை, போனால் திரும்பி வரவும் மாட்டார்.

கடைசியில் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் முயலைக் கண்டேன். கோடையில் மண்ணிறமாக இருந்து குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் இனம். பின்னங்கால்கள் சுளகு மாதிரி அகலம். பனியில் புதையாமல் ஓடுவதற்காக இயற்கையே சப்பாத்துப் போட்டு விட்ட பிராணி. இதைவிட என்ன வேண்டும்?

படம் வரைந்து முடித்தேன். உருவத்தை நிலவறையில் செய்ய முடியவில்லை, அந்த ஈரத்தில் எதுவும் காயாது. வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில், குசினி மேசையில் வைத்துச் செய்தேன். மனைவி மாவைக் காய்ச்சிப் பசை கிண்டித் தந்தாள். பழைய பத்திரிகைகளைக் கிழித்துத் தந்தாள். காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, வெப்பக்குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசினேன். மூன்றடி முயல். நீலக் கழுத்துச் சால்வை. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது காற்றில் வளைந்தும். இரண்டு கிழமை நாங்கள் நிலத்தில் இருந்துதான் சாப்பிட்டோம்.

குழுவைச் சந்திப்பதற்கு முதல் நாள் பின்னேரம், ஐந்தாம் மாடி அண்ணை வந்தார். அந்தக் கட்டடத்துக்கு முதலில் வந்த தமிழர் அவர்தான். எங்களுக்கு வீடு பார்த்துத் தந்தவரும் அவர்தான். நல்ல மனிதர். வாய்தான் பிழை. அவர் ஒன்றைப் புகழ்ந்தால் அது உருப்படாது என்று என் மனைவி உறுதியாக நம்பினாள். அவர் புகழ்ந்த தக்காளிச் செடி பல்கனியிலேயே கருகியது. “நல்ல குக்கர், பிள்ளை” என்று அவர் சொன்ன மறுநாள் அதன் பிடி கழன்று அவள் காலில் விழுந்தது. அவரது மச்சான் ஒருவர் புதுக் கார் வாங்கி அதை மூன்று தெரு தள்ளி மறைத்து நிறுத்தியிருந்தார் என்று ஒரு கதையும் உண்டு.

அண்ணை குசினி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அட தம்பி! உதென்னடா, உயிரோட இருக்குமாப்போல கிடக்கு!”

மனைவி குறுக்கே வந்தாள். “அண்ணை, வாங்கோ, முன்னுக்கு இருங்கோ. தேத்தண்ணி போடுறன்.”

“இரு பிள்ளை, பாக்கட்டும். உந்தக் கண்ணைப் பார். காலைப் பார். தம்பி, நான் சொல்லுறன் எழுதி வை. உந்த முயலை வெல்ல இந்த நாட்டிலை ஒருத்தராலும் ஏலாது!”

“சும்மா காயிதம்தான் அண்ணை. சரியா வரேல்லை” என்றாள் அவள், முயலுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு.

“ஆர் சொன்னது வரேல்லையெண்டு? அச்சொட்டா வந்திருக்கு!”

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் மூண்டு தரம் சொல்லிப்போட்டுது. மிளகாயும் உப்பும் சுத்திப் போடப்போறன்.”

“விசர்க்கதை கதையாதையும். போனமுறை நீர் மிளகாய் எரிச்சு, கட்டடக் காவலாளி நெருப்பெண்டு தண்ணி வாளியோட ஓடிவந்தவன்.”

“உங்களுக்கு விசர்க்கதை. என்ர காலிலை விழுந்த குக்கர்ப் பிடியும் விசரோ?”

“அது திருகாணி இளகினது.”

“ஓம், ஓம். அவர் சொன்னவுடனை இளகினது.”

நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எரிப்பதும் சுற்றுவதும் கிடையாது. அவள் பேசாமல் போனாள். அவள் அப்படிப் போனபோதே நான் கவனமாக இருந்திருக்கவேண்டும்.

காலையில் நான் முகச்சவரம் செய்துவிட்டு வருவதற்குள் முயலைப் பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றிக் காதையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். “குளிரிலை வெடிச்சுப்போம், அங்கை போய் அவிழுங்கோ” என்றாள். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எதிரே இருந்த கிழவி விரிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “பிள்ளைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறதா?” என்று கேட்டாள். பிள்ளை இல்லை, முயல் என்றேன். அவள் எழுந்து சாரதிக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள்.

குழு கூடும் மண்டபத்தின் முன்னறையில் முதலாளி கழுத்துப்பட்டியோடு நின்றார். நான் கட்டை அவிழ்த்தேன்.

முயலின் இடது கன்னத்தில், பட்டாணி அளவில், கறுப்பாக ஒரு பொட்டு.

“அது என்ன?” என்றார் முதலாளி.

சுவரோரம் இருந்த காசுத் தொலைபேசிக்குப் போனேன்.

“பொட்டு வைச்சனீரோ?”

“ஓம்.”

“எதாலை?”

“கண்மை. ஊரிலையிருந்து கொண்டுவந்தது. நல்ல நெய் மை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா விட்டிருப்பியளோ?”

தொலைபேசியை அறைந்துவிட்டு வந்து, கைலேஞ்சியை எச்சிலில் நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். நெய்யில் கரைத்த கரி, எச்சிலுக்கு அசையுமா? பரவியது. பட்டாணி ஒரு சதக் காசானது. இன்னும் கோபமாகத் தேய்த்தேன். காசு வடை அளவானது. நடுவில் கறுப்பு, சுற்றிவரச் சாம்பல், ஓரத்தில் லேசான ஊதா. சின்ன டப்பாவில் கொண்டுவந்த வெள்ளைப் பூச்சை மேலே தடவினேன். நெய்யில் ஒட்டாமல் அது மணிமணியாக உருண்டு கழுத்துச் சால்வையில் சொட்டியது.

கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். சுவரோரமாக ஏற்கனவே வந்த உருவங்கள் நின்றன. நான் சொன்னேனே, மூன்று பீவர். ஒன்று தொப்பியோடு, ஒன்று தொப்பி இல்லாமல், ஒன்றுக்குப் பல் அவ்வளவு பெரிது, பக்கத்தில் இருந்த பனிமனிதனைத் தின்ன வந்தது போல இருந்தது. தலைவர் பழைய ஹொக்கிக்காரர். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. புருவத்தில் தையல், தாடையில் தையல், முன்பல் நான்கும் கட்டியவை.

முதலாளி முயலின் வலது கன்னத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துப் பேசத் தொடங்கினார். அகலக் காலைப் பற்றியும் நிறம் மாறுவதைப் பற்றியும் நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தான் கண்டுபிடித்தது போலச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட அதிபர் அம்மா, “எவ்வளவு இனிமையாக இருக்கிறது!” என்று எழுந்து வந்து முயலைத் தன் பக்கம் திருப்பினார். திருப்பிவிட்டு ஓரடி பின்னால் போனார்.

குழுவில் ஒரு டொக்டர் இருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இது பனிக்கடி” என்றார்.

விரலால் கன்னத்தைச் சுட்டிக் காட்டினார்.

“நடுவில் கறுப்பு, சுற்றிவரச் சாம்பல். தோல் செத்துவிட்டது. விழா முடியும்வரை என் ஆட்கள் பிள்ளைகளின் கன்னத்தில் இது வராமல் பார்க்க வேலை செய்யப்போகிறார்கள். நீங்கள் இதையே சின்னமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.”

“அது நிழல். ஓவிய முறையில்...” என்றார் முதலாளி.

“அப்படியென்றால் காது நுனியிலும் நிழல் போடுங்கள். பனிக்கடி முதலில் அங்கேதான் தொடங்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம். எனக்கு அந்த நேரம் மேசை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. ஜன்னல், வெளிச்சம் எல்லாம் போய்விட்டது. போன பிறகு எதற்கு வாயை மூடவேண்டும்?

“நிழலும் இல்லை, நோயும் இல்லை” என்றேன். “என் மனைவி வைத்தது. எங்கள் ஊரில் பிள்ளை வடிவாக இருந்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். பார்ப்பவர்களின் கண் பட்டுக் கெட்டுப்போகாமல் இருக்க, வேண்டுமென்றே ஒரு குறை வைப்பது. நேற்று ஒருவர் வந்து இந்த முயலைப் புகழ்ந்துவிட்டார். அவர் புகழ்ந்த எதுவும் உருப்பட்டதில்லை. அவள் வைத்தபோது சின்னதாகத்தான் இருந்தது. துடைத்துப் பெரிதாக்கியது நான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். “யார் புகழ்ந்தது?”

“ஐந்தாம் மாடியில் இருப்பவர்.”

“புகழ்ந்தால் என்ன ஆகும்?”

நான் தக்காளியைச் சொன்னேன். குக்கரைச் சொன்னேன். மூன்று தெரு தள்ளி நின்ற காரையும் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

“எங்கள் ஹொக்கிக் குழுவிலும் அப்படி ஒருவன் இருந்தான்” என்றார். “ஆட்டம் தொடங்குமுன் அவன் ‘இன்றைக்கு வெல்லுவோம்’ என்று சொன்னால் முடிந்தது கதை. வாயில் துவாய் வைத்து அடைப்போம்.” டொக்டர் ஏதோ சொல்லப் போனார். தலைவர் கையைக் காட்டினார். “பொறுங்கள். நான் பதினாறு வருடம் இடது சப்பாத்தைத்தான் முதலில் கட்டினேன். ஒரேயொரு நாள் மறந்து வலதை முதலில் கட்டினேன். அன்றைக்குத்தான் இந்த நான்கு பல்லும் போனது.”

“அது தற்செயல்” என்றார் டொக்டர்.

“பல் போனது உங்களுக்கில்லை.”

அதன் பிறகு அரை மணிநேரம் நடந்ததை நான் வாழ்க்கையில் மறக்கமாட்டேன். வங்கி அதிகாரி ஒருவர் பரீட்சைக்குப் போட்ட காலுறையைப் பற்றிச் சொன்னார். அதிபர் அம்மா கறுப்புப் பூனையைப் பற்றிச் சொன்னார். பெரிய பல்லுப் பீவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கை உயர்த்தினார்கள். நான்குக்கு மூன்று, முயல். டொக்டருக்காக ஒரு நிபந்தனை: பொட்டு வட்டமாக, சின்னதாக, தனிக் கறுப்பாக இருக்கவேண்டும், சுற்றிச் சாம்பல் கூடாது. தலைவரும் ஒரு நிபந்தனை போட்டார். பொட்டு இல்லாமல் அந்த முயல் எங்கும் போகக்கூடாது. ஒரு கடிதத் தாளில்கூட.

வெளியே வந்ததும், “மேசை” என்றேன்.

“முதல் சுவரொட்டி பிழையில்லாமல் போகட்டும். பிறகு பார்ப்போம்” என்றார் முதலாளி. வாக்கை அரை மணிநேரத்தில் நீட்டிவிட்டார். ஆனாலும் என் இடத்துக்கு ஒரு புது ஆளை எடுத்து, அவருக்கு வேலை பழக்கும்படி என்னிடமே சொன்னதால் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. போர்த்துக்கேயர், நல்ல உழைப்பாளி. நான் ஒன்றரை வருடம் வாங்கிய ஏச்சையெல்லாம் சுருக்கி அவருக்கு ஒரே வரியில் சொன்னேன்: “சின்ன ஓட்டை ஒன்றுகூட விடாதே, அடை.”

சுவரொட்டி அச்சான காலை. பிற்பகல் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட முந்நூறு பிரதி. தலைவரே வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் அச்சடிக்கும் அறைக்குப் போய்ப் பார்த்தேன். முந்நூறு முயல்கள் காயப்போட்டிருந்தன. நீலம் அருமை. கண் அருமை. முந்நூறு கன்னமும் பால் போல வெள்ளை.

போர்த்துக்கேயர் பெருமையோடு நின்றார். “கறுப்பு ஸ்கிரீனில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. வட்டமாக. அடைத்துவிட்டேன்.”

நான் கத்தினேன். எந்த மொழியில் என்று நினைவில்லை. பிறகு நிறுத்திவிட்டேன். யாரை ஏசுவது? பழக்கியது நான்.

முதலாளி ஓடிவந்து பார்த்துவிட்டு, படியில் இருந்துவிட்டார். திரும்ப அச்சடிக்க நேரம் இல்லை. “கையால் வை” என்றார். நான் தூரிகை எடுத்தேன். கோபத்தில் அவசர அவசரமாக வைத்தேன். முதல் பொட்டு முட்டை மாதிரி வந்தது. இரண்டாவது கண்ணீர் மாதிரி ஒழுகியது. முதலாளி வைத்தது மூக்கில் விழுந்தது. போர்த்துக்கேயர் வைக்க மறுத்துவிட்டார். புள்ளி போடுவது பிழை என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“உடனை வாரும்.”

“ஏன், என்ன நடந்தது?”

“பொட்டு வைக்கவேணும். முந்நூறு.”

“உங்களுக்குத்தானே நம்பிக்கை இல்லை” என்றாள்.

“வாருமப்பா!”

ஒரு மணிநேரத்தில் குளிர்ச்சட்டையும் சப்பாத்துமாக வந்து இறங்கினாள். கீழே வெளிச்சம் போதாது என்று சொல்லி, முதலாளியைக் கேட்காமலே மேலே போய் ஜன்னலோர மேசையில் இருந்தாள். என் கறுப்பு மைப்போத்தலைத் திறந்தாள். ஒரு தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதன் நுனியில் பஞ்சைச் சுற்றி, மையில் தொட்டு வைக்கத் தொடங்கினாள். டக், டக், டக். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே இடம். முதலாளி ஒரு பக்கம் நின்று சுவரொட்டியை நீட்ட, நான் மறுபக்கம் நின்று வாங்கிக் காயவைத்தேன்.

“ஐயாவிட்டைச் சொல்லுங்கோ, உப்பிடி ஆட்டாமல் பிடிக்கச்சொல்லி” என்றாள் என்னிடம். நான் மொழிபெயர்த்தேன். அவர் ஆட்டாமல் பிடித்தார்.

தலைவர் வந்தபோது கடைசி நாற்பது இருந்தது. கதவருகே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளியிடம், “கையால் வைக்கிறீர்கள்! ஒவ்வொன்றுக்கும்!” என்றார். “அப்படித்தான் செய்யவேண்டும்” என்றார் முதலாளி, வெட்கமே இல்லாமல். என் பக்கம் திரும்பி, “நாளையிலிருந்து உன் சாமானை மேலே கொண்டுவந்து வை” என்றார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வாசலில் அந்தச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. நானும் மனைவியும் பையோடு வரும்போது அண்ணை அதற்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, குறை நினையாதை. முயல் நல்லா வந்திருந்தது. உந்தப் பொட்டை வைச்செல்லோ வடிவைக் கெடுத்துப்போட்டியள்.”

நான் வாய் திறப்பதற்குள் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

“ஓம் அண்ணை, கெட்டுத்தான் போச்சு” என்றாள். அவ்வளவு சந்தோசமாக அவள் ஒன்றை ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

“எண்டாலும் வேலை நல்ல வேலைதானே தம்பி? மேலை மேசை தந்தவங்களாமே. ஒருநாளைக்கு வந்து பாக்கவேணும்.”

“அங்கை வெளியாக்களை விடமாட்டினம் அண்ணை” என்றேன்.

அது பொய். அந்த மேசையில் பதினொரு வருடம் இருந்தேன். யார் யாரோ வந்து பார்த்தார்கள். அண்ணையை மட்டும் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை.